சாளரம் இல்லாத இருக்கை

நான்காக மடித்த மஞ்சள் துணியால் விசைப்பலகையை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, சாம்சன் காலை அஞ்சலைத் திறக்கிறார். ஒன்பது கதைகள் காத்திருக்கின்றன. முதற்கதை குவைத்திலிருந்து. எழுதியவர் மேகத்தைப் பஞ்சுப்பொதி என்கிறார். கடலை நீலப்பட்டு என்கிறார். சாம்சன் திரையைப் பார்த்து முனகுகிறார்: "அதெல்லாம் சரி நைனா, சீட்டு நம்பர் இன்னா?" பிறகு அதையே பணிவான எழுத்துத் தமிழாக்கித் திருப்பி அனுப்புகிறார். இருக்கை எண் இல்லாத கதை அவருடைய வாயிலைக் கடப்பதில்லை.

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு நகல் பொறியும் நான்கு கணினிகளும் கொண்ட கடை அவருடையது. வானூர்தியில் பறந்தவர்கள் தத்தம் பயணக்கதையை எழுதிப் பகிர்வதற்கென்று ஒரு மின்னஞ்சல் குழுவை இரண்டாயிரத்து மூன்றிலிருந்து அங்கே அமர்ந்தபடியே நடத்திவருகிறார். உறுப்பினர் நானூற்றுப் பன்னிருவர். துபாயில் கொத்து வேலை செய்பவர், டொராண்டோவில் உணவகம் வைத்திருப்பவர், மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கடல் கடந்து போய்வந்த தாய்மார் எனப் பலதிறத்தார். அவர்கள் ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பும் தமிழைத் தமிழெழுத்துக்கு மாற்றி, ஒற்றுப்பிழையும் தம்மால் இயன்றமட்டும் களைந்து வெளியிடுவார். ஊரவையில் அமரத் தகுதியுடையார் யார், தகாதார் யார் என்று கோயிற்சுவரில் வெட்டிவைத்த ஊர் இது. அந்தக் காற்று அவர்மேலும் பட்டிருக்க வேண்டும். குழுவுக்கு மூன்றே விதிகள்: பறந்தவரே எழுதுக, இருக்கை எண் குறிக்க, பொய் கலந்தால் நீக்கம். விமானி தம்மை அருகே அமர்த்தித் தேநீர் தந்ததாக எழுதிய தங்கை கணவர் முத்துவேலை ஒரே சொடுக்கில் நீக்கினார். அந்தக் கிறித்துமசுக்குத் தங்கை வீட்டுப் பலகாரம் வரவில்லை.

இத்தனைக்கும் சாம்சன் பறந்ததில்லை. திருப்புலிவனத்தில் பிறர் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்த பெற்றோருக்குப் பிறந்தவர். ஓர் ஒப்பந்தக்காரர் வழியாக மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஆறாண்டு வேலை பார்த்தார். வந்திறங்கிய விமானத்துள் ஏறி, அடுத்த பயணிகள் வருமுன் துடைத்துப் பெருக்கிவிட்டு இறங்கும் வேலை. "நான் ஏறாத ப்ளேனே கெடையாது. கெளம்பறதுக்கு முன்னாடி எறங்கிடுவேன், அவ்ளோதான்," என்று சொல்லித் தாமே முதலில் சிரிப்பார். இருக்கைப் பைகளில் பாதி கடித்த முறுக்கும், குழந்தையின் ஒற்றைக் காலுறையும், இரண்டு வரியோடு நின்றுபோன கடிதமும் அவர் கைக்குக் கிடைத்ததுண்டு. அந்தக் கடிதத்தின் மூன்றாம் வரி என்னவாக இருக்கும் என்று இன்றும் யாரிடமாவது கேட்பார். தம் குழுவில் மட்டும் அவர் ஒரு கதையும் எழுதியதில்லை. வாயிற்காப்பான் கருவறைக்குள் போவதில்லை.

அன்றைய ஒன்பதில் ஐந்தாவதாக நின்ற கதை முகம்மது கௌஸ் அனுப்பியது. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர். இரண்டாண்டுக்கு முன் ஷார்ஜாவிலுள்ள மகள் ஷிபானாவைப் பார்க்கப் புறப்பட்டபோது, தெருவே வேனேறி மீனம்பாக்கம்வரை வந்து வழியனுப்பியது. பதினைந்தாம் நாள் திரும்பிவந்து வீடுவீடாகப் பேரீச்சம்பழமும் அத்தரும் கொடுத்தார். பயணத்தைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. "ஊரே எழுதுது, உனக்கு மட்டும் இன்னா பாய் கை வலிக்குதா?" என்று பக்கத்துக் கடை வஹாப் ஓயாமல் குடைந்தார். அதற்குமேல் பொறுக்கமாட்டாமல் கௌஸ் எழுதிவிட்டார்.

கதை அழகாகவே இருந்தது. மாலை விமானம், இருக்கை 24ஏ. சாளர மூடியை உயர்த்தினாராம். கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, கீழே சிறுத்துக்கொண்டே போன கரையைப் பார்த்தாராம். சாம்சன் அந்த வரியிலேயே நின்றுவிட்டார். ஷார்ஜா போகும் அந்த வகை விமானத்தை ஆயிரம் முறையாவது துடைத்திருப்பார். இருபத்துநான்காம் வரிசையில் இடப்புறம் சாளரமே இல்லை, வெறும் சுவர். துடைக்கக் கண்ணாடி இல்லாத அந்த ஓரிடத்தில்தான் அவருடைய கை ஒரு நொடி ஓயும்.

வெளியிட்டால், அதே விமானத்தில் போய்வந்த உறுப்பினர்கள் ஒரு மணிக்குள் சிரித்துவிடுவார்கள். மறுத்தால், "பாய் கதை இன்னாச்சு?" என்று வஹாப் கடைத்தெரு முழுக்கக் கேட்பார். எப்படிப் போனாலும் மானம் பெரியவருடையது. சாம்சனுடைய விரல் இரண்டு பொத்தான்களுக்கும் நடுவே மூன்று நாள் நின்றது. நான்காம் நாள், நண்பகல் தொழுகை முடிந்து கடை வெறிச்சோடிய வேளையில் கௌஸை வரவழைத்தார்.

"இன்னா சாம்சா, கதை வந்துச்சா? எப்ப போடப்போற?"

"வந்துச்சு பாய். நல்லா கீது. ஆனா அந்த சீட்டாண்ட ஜன்னலு கெடையாது. செவுருதான். நானே தொடச்சிருக்கேன்."

பெரியவர் முகம் சிவந்தது. "நீ பெருக்கனவன். நான் குந்திக்கினு போனவன். ரெண்டு பேர்ல யாருக்குத் தெரியும்?"

சாம்சன் தலையசைத்து ஒப்புக்கொண்டார். பெருக்கியது உண்மைதானே. கௌஸ் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டையின் உட்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். அதற்குள் விமானமேறும் அட்டை, 24ஏ. ஏறும் வாயிலில் அதைக் கிழித்து, துண்டைத்தான் பயணியிடம் தருவார்கள். இது கிழிபடாமல் முழுதாக இருந்தது.

"பாஸ்போர்ட்ல ஒரு ஸ்டாம்ப் இல்லியாம். ஏர்லைன்ஸ்காரன் இத்த குடுத்தப்புறம் அடுத்த கவுண்டர்ல நிறுத்திட்டான். வெளிய தெருவே நின்னு கை காட்டிக்கினு கீது. எந்த மூஞ்ச வச்சிக்கினு வர்றது? வேன் போற வரிக்கும் பாத்ரூம்ல நின்னேன். அப்பால மண்ணடில ஒரு லாட்ஜு, பதினாலு நாளு. பேரீச்சம்பழம் பர்மா பஜார்ல வாங்கனது. ஷிபானாவுக்கு மட்டுந்தான் தெரியும். இப்ப உனக்கு."

"லாட்ஜு ரூம்ல ஜன்னலு இருந்துச்சா பாய்?"

கௌஸ் நிமிர்ந்தார். "இருந்துச்சு. சாயங்காலமானா எழுந்து நின்னு பாப்பேன். எந்த ப்ளேனு போனாலும் அதுதான்னு நெனச்சிக்குவேன்."

"அத்த எழுதுங்க."

"வஹாபு சிரிப்பான்யா."

"இல்லாத ஜன்னலுக்கு ஊரே சிரிக்கும். இதுக்கு வஹாப் பாய் ஒருத்தரு சிரிச்சா சிரிக்கட்டும். மொதல்ல என் கதைய போடறேன், ஏறி எறங்கன கதைய. அப்பால உங்க கதை."

"பறக்காதவன் எழுதக்கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட?"

சாம்சன் திரையில் வெற்றுப் பக்கமொன்றைத் திறந்துவைத்துவிட்டு எழுந்தார். மஞ்சள் துணியை உதறி மீண்டும் நான்காக மடித்தார். தம் நாற்காலியின் முதுகை, கைப்பிடிகளை, அமரும் இடத்தை, பயணி ஏறுமுன் துடைக்கும் அதே வரிசையில் துடைத்தார். பிறகு ஒதுங்கி, பெரியவருக்கு வழிவிட்டு நின்றார்.