பிறை போட்ட ஐந்து கோப்பைகள்

எங்கள் ஒஸ்தோயா போரில் யாரையும் சுட்டதில்லை. கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்வார். போர் முடிந்து எட்டு வருடம் கழித்து, எங்கள் போஸ்னியப் பள்ளத்தாக்கு ராஸ்பெர்ரியால் முன்னேறப் போகிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். குளிர்பதனக் கிடங்கு இலவசம். ஒரே நிபந்தனை: விண்ணப்பத்தில் ஒரு செர்பியரும் ஒரு முஸ்லிமும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். செர்பியருக்குப் பஞ்சமில்லை. போரில் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் ஊர் திரும்பியிருந்தது நெசீர் ஒருவர்தான். கிடங்கு வராவிட்டால் ஒஸ்தோயா அந்த வருடமும் பழத்தைப் பன்றிக்குத்தான் கொட்ட வேண்டும்.

ஆகவே நெசீரைக் காப்பிக்கு அழைத்தார். சாட்சியாக என்னையும்.

ஒஸ்தோயாவின் மனைவி ஸ்தோயங்கா மரியாதை தெரிந்தவள். முஸ்லிம் விருந்தாளி வருகிறாரே என்று, பிறையும் நட்சத்திரமும் போட்ட கைப்பிடியில்லாத கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். எங்கள் செர்பிய ஆட்கள் யாரும் அந்தக் கோப்பையைக் கடையில் வாங்குவதில்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. ஒஸ்தோயாவுக்குத் தோன்றிவிட்டது. காது மடல்வரை சிவந்து போனார்.

நெசீர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறு இருக்கணுமே அண்ணி?"

"கொண்டு வந்தப்பவே அஞ்சுதாங்க இருந்துச்சு," என்றாள் ஸ்தோயங்கா. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா ஆமா. ஆறாவதை நான்தான் சின்ன வயசுல உடைச்சேன். அம்மாகிட்ட செம அடி."

"நெசீர்... வீடு தொறந்து கெடந்துச்சுப்பா. நான் எடுக்கலைன்னா வேற எவனாவது..." என்றார் ஒஸ்தோயா.

"தெரியுதுடா. எங்கம்மாகூட இவ்ளோ பளபளன்னு வச்சதில்ல."

"கையோட எடுத்துட்டுப் போயிடு."

"எங்க கொண்டுபோய் வைக்கிறது? அலமாரியும் இங்கதானே இருக்கு."

சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் நனைத்து நிதானமாகக் கடித்தார் நெசீர். விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்திட்டு, பேனாவை ஒஸ்தோயாவிடம் நீட்டினார். ஒஸ்தோயாவின் கை மேசைக்கடியிலிருந்து வரவே இல்லை. காப்பி ஆறியது.

"அவரு போடட்டும்," என்று கடைசியில் என்னைக் காட்டினார், தலை நிமிராமல்.

கிடங்கு வந்தது. நெசீரின் வண்டி போன பிறகுதான் ஒஸ்தோயா தன் பழத்தைக் கொண்டு வருவார். யாரையும் சுடவில்லை என்று இப்போது சொல்வதில்லை.

அன்று ஊர் முன்னேற்றத்தை உத்தேசித்து நான்தான் கையெழுத்திட்டேன். வெளியே வந்ததும் நெசீர் என் தோளில் கை போட்டார்.

"அடுத்த காப்பி உங்க வீட்லதானே?"

எங்கள் கூடத்தில் விரித்திருக்கும் கம்பளமும் கடையில் வாங்கியதல்ல.

"வீட்ல வெள்ளையடிக்கிறோம் நெசீர். அடுத்த மாசம் வாங்களேன்."

ஐந்து வருடமாக அடித்துக்கொண்டிருக்கிறோம்.