ஒரு கணுக்காலுக்கு ஒரு கெடா

ஆட்டைத் திருடி மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு. ஆட்டைக் கொடுத்து மாட்டிக்கொண்ட முட்டாள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதுவும் நல்ல கறுப்புக் கெடா. கழுத்தில் மாலை வேறு.

நான் கபடி ஆடிப் பிழைப்பவன். ஆலங்குடிப் பக்கத்துக் கடலைக்காட்டில் பாடிப் பழகி, எப்படியோ லீக் வரைக்கும் வந்து, டிவியில் முகம் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டேன். கபடியை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. டிராக்டர் ஓட்டப்போய் வாய்க்காலில் இறக்கினேன். தேங்காய் மண்டியில் கணக்குப் பார்க்க உட்கார்ந்து மூன்றாம் நாளே அவர்களாகவே எழுப்பி விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பயந்த பயம் எவ்வளவு நியாயமானது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் எல்லா ஆட்டக்காரர்களையும் உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுப்பார்கள். சூதாட்டம் பற்றிய விதிகள். எடுத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, திருச்சிப் பக்கமெல்லாம் வேலை பார்த்த தமிழர். இப்போது லீக்கின் விசாரணை அதிகாரி. சிரிக்கவே தெரியாத முகம். அந்த மாதிரி முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு சும்மா இருக்காது.

"சார், ஒரு டீ பந்தயமாவது கட்டிக்கலாமா?"

அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"டீயும் கூடாது. ஆட்டம் சம்பந்தமா எதையும், யார்கிட்டயும் பந்தயம் கட்டக் கூடாது. கட்டினா இந்த சீசன் கிடையாது. விசாரணையில பொய் சொன்னா ஆயுசுக்கும் கபடி கிடையாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று கையெழுத்துப் போட்டேன். புரிந்த மாதிரி தலையாட்டுவதில் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே நல்ல பயிற்சி.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் இறங்குமுன் இரண்டு பக்கத்துக்காரர்களும் மைக்கைப் பிடித்து, ஊர் கேட்க ஒரு சேவலையோ கெடாவையோ பந்தயமாகச் சொல்வார்கள். தோற்றவன் அடுத்த நாளே அதை ஜெயித்தவன் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். பிறகு இரண்டு ஊரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுத் தீர்க்கும். கட்டாமல் விட்டவனை அதற்கப்புறம் யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

அந்தக் களங்களில் பதினைந்து வருடமாக என்னோடு மல்லுக்கட்டியவன் கந்தர்வக்கோட்டைக்காரன் ஒருவன். உருவம் சின்னது, கை மட்டும் இடுக்கி. என் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். லீக்கில் அவன் வேறு அணி. அவர்களோடு எங்களுக்கு ஆட்டம் வந்தபோது, முந்தின நாள் கை அரித்து, வாட்ஸப்பில் அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

"மாப்ள, ஒன் கையில இந்தத் தடவ என் காலு சிக்குச்சுன்னா எங்க வீட்டுக் கறுப்புக் கெடா ஒனக்கு. சிக்கலன்னா ஒங்க வீட்டுக் கெடா எனக்கு. என்ன?"

அவன் ஒரு கட்டை விரலை அனுப்பினான். அவ்வளவுதான். இந்தப் பெருமையை அன்றைக்கே போன் போட்டு அப்பாவிடமும் சொல்லி வைத்தேன். லீக் விதி என்பது பணத்துக்கும் சூதாட்டம் நடத்துகிற புக்கிகளுக்கும் உள்ளது, கெடாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சத்தியமாக நினைத்தேன். நினைக்கிற வேலையை எனக்கு யார் கொடுத்தது என்று தெரியவில்லை.

ஆட்டத்தில் கடைசி நிமிடம். ஒரு புள்ளி எடுத்தால் சமன். பாடிக்கொண்டு போனேன், காலை நீட்டினேன், இடுக்கி விழுந்தது. நடுக்கோட்டை நோக்கி முழு உடம்பையும் வீசினேன். விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே நாலு விரற்கடை இருக்கும். தோற்றோம். வேண்டுமென்று விழுந்தேனா என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவ்வளவு அழகாக நடிக்கத் தெரிந்திருந்தால் நான் சினிமாவுக்குப் போயிருப்பேன்.

மறுநாள் காலை இட்லியில் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தபோது சக ஆட்டக்காரன் ஒருவன் தன் போனை என் முன்னால் வைத்தான். ரசிகர்கள் யாரோ போட்ட படம். இடது பக்கம் என் கணுக்காலைக் கந்தர்வக்கோட்டைக்காரன் பிடித்திருக்கிறான். வலது பக்கம் ஒரு குட்டியானை சரக்கு வண்டி, அதில் மாலை போட்ட எங்கள் கறுப்புக் கெடா, பக்கத்தில் வெள்ளை வேட்டியில் என் அப்பா. அவர் ஸ்டேட்டஸில் வைத்த வாசகம் அப்படியே இருந்தது: "என் மகன் தோற்றாலும் சொன்ன சொல் தவறமாட்டான். பந்தயக் கெடா கந்தர்வக்கோட்டை புறப்பட்டது." கீழே ரசிகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கெடாவுக்குத்தான் காலை நீட்டினாரா?"

தட்டைத் தள்ளிவைத்தேன். அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்ப்பா, அந்த ஸ்டேட்டஸ எடுங்கப்பா."

"ஏன்டா, படத்துல நான் நல்லா இல்லயா?"

"நல்லாத்தான் இருக்கீங்க. அதான் பிரச்சன. என் பொழப்பே போகப் போகுது."

"கெடா குடுத்ததுக்கா? குடுக்கலன்னாதானடா கேவலம். அந்தத் தம்பி ஆத்தா காபி போட்டுக் குடுத்துச்சு. ஞாயித்துக்கெழம பந்தி, உன்னயும் வரச் சொல்லுது."

அப்பாவுக்கு விளக்கிப் பயனில்லை. போனை வைத்ததும், இருக்கிற மடத்தனம் போதாதென்று, அந்த வாய்ஸ் மெசேஜை இரண்டு பக்கத்திலும் தெரியாதபடி அழித்தேன். அழித்த பிறகு அந்த இடத்தில் 'செய்தி நீக்கப்பட்டது' என்று வந்து நின்றது. கெடாவைக் கொடுத்தவன் வெறும் மடையன். அழித்தவன் குற்றவாளி. பத்து நிமிடத்தில் ஒன்றிலிருந்து மற்றதாக மாறியிருந்தேன்.

மதியம் அணி மேலாளர் சொல்லி அனுப்பினார். நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. போனை ஒப்படைக்க வேண்டும். கந்தர்வக்கோட்டைக்காரனையும் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவரை அவனோடு எந்த வகையிலும் பேசக் கூடாது.

அதன்பிறகு யார் நடந்து வந்தாலும் எனக்காக வருகிறார்கள் என்று தோன்றியது. லிப்ட் திறந்தால் படிப்பக்கம் ஒதுங்கினேன். பயிற்சியில் வழக்கம்போலக் கேலி பேசலாம் என்று வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. மூச்சுப் பிடித்து அரை நிமிடம் பாடுகிறவன், ஒரு 'குட்ஈவினிங்' சொல்ல மூச்சு இல்லாமல் நின்றேன். பயிற்சியாளர் எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார். தேங்காய் மண்டி முதலாளி மறுபடி என்னைச் சேர்த்துக்கொள்வாரா என்றுகூட யோசித்துப் பார்த்தேன். சேர்க்கமாட்டார்.

மறுநாள் அறைக்குள் போனேன். அதே சிரிக்காத அதிகாரி முகம். மேசையில் என் அப்பா, கெடா, குட்டியானை, எல்லாம் கலரில் அச்செடுத்துக் கிடந்தது.

"இது என்ன?"

உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாய் தனியாக முடிவெடுத்தது.

"நேர்த்திக்கடன் சார். அவங்க சாமிக்கு எங்க வீட்டுல வேண்டிக்கிட்டது."

"எந்தச் சாமி?"

"அய்யனார் சார்."

அவர் பேனாவை வைத்தார். "அய்யனாருக்குக் கெடா வெட்டுவாங்களா?"

அய்யனார் சைவம் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். கருப்பருக்கு வெட்டும்போது அய்யனார் முன்னால் திரை போடுவார்கள்.

"கருப்பருக்கு சார். அய்யனார் பக்கத்துலயேதான் இருப்பாரு. திரை போட்ருவோம்."

"அப்ப உங்க அப்பா ஏன் பந்தயக் கெடான்னு போட்டாரு?"

"அவருக்கு வாட்ஸப் புதுசு சார்."

நான் சொன்ன எல்லாவற்றையும் அவர் எழுதிக்கொண்டார். வாட்ஸப் புதுசு என்பதைக்கூட. கீழே கையெழுத்துப் போட்டேன். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, வெளியே உட்காரச் சொன்னார்.

நான் வெளியே வர, அவன் உள்ளே போனான். நடுவில் லீக் ஆள் ஒருவர் நின்றதால் கண்ணால்கூட ஒன்றும் சொல்ல முடியவில்லை. நேர்த்திக்கடன், கருப்பர், திரை. இந்த மூன்று வார்த்தை அவன் மண்டையில் எப்படியாவது ஏறிவிடாதா என்று மூடிய கதவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் தானாக ஆடியது. பிடித்து நிறுத்தினால் அடுத்த கால் ஆடியது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நடுவில் நின்றவர், "இனிமே பேசிக்கலாம்" என்று விலகினார்.

"மாப்ள, என்னடா சொன்ன?"

"நடந்தத."

"எல்லாத்தயுமா?"

"பின்ன? நம்ம என்ன காசா வாங்குனோம்? கெடா பந்தயம், சிக்குன, குடுத்த. இதுல மறைக்க என்ன இருக்கு? நீ என்ன சொன்ன?"

அவனே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

"அடேய்... போடா உள்ள. போய்ச் சொல்லுடா."

"பொய் சொன்னா ஆயுசுக்கும் இல்லன்னாரு மாப்ள."

"அப்ப இங்கனயே நின்னா மட்டும் நாளைக்கே ஆடவா விடப் போறாங்க?"

அந்தக் கதவுக்கு எட்டு அடி இருக்கும். ஏழு பேர் காத்து நிற்கிற களத்துக்குள் தனியாகப் போனபோதெல்லாம் இப்படிக் கால் பின்னியதில்லை. கைப்பிடியைத் தொட்டுவிட்டு ஒரு தடவை திரும்பிக்கூட வந்தேன். அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

அதிகாரி இரண்டு வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை.

"சார், நான் சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம் இருக்கு."

"தெரியும், உக்காருங்க."