விரிப்பின் மறுமுனையில் என் நாத்தனார்

என் நாத்தனாரை நல்லவள்னு சொல்றவங்க யாரும் அவளோட ஒரே அறையில படுத்ததில்ல. நான் ஒரு கோடை முழுக்கப் படுத்தேன். தேசியப் பூங்கா வாசலுக்குப் பக்கத்து விடுதியில, வேலைக்காரங்களுக்கு ஒதுக்கின தகரக் கூரை அறை. ரெண்டு கட்டில், ஒரு ஃபேன். அந்த ஃபேன் எப்பவும் அவ பக்கமே பார்த்து நிக்கும்.

கட்டின இடத்துல ஒத்துவராம திரும்பி வந்தவ அவ. வந்து மாட்டினது அவ அம்மா வாயில, அதாவது என் மாமியார் வாயில. என் வீட்டுக்காரர் லாரியோட ஊர் ஊரா சுத்துறவர். அதனால அந்த வாய்க்கு நாங்க ரெண்டு பேர்தான் தீனி. விடுதியில கோடைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னதும் விழுந்தடிச்சு ஓடி வந்தோம். சீசன் முடிஞ்சதும் ஒருத்தியை மட்டும் அறையோட வேலையில வச்சுக்குவேன்னு முதலாளி சொல்லியிருந்தார். இன்னொருத்தி அந்த வீட்டுக்கே திரும்பணும். பகை வளர இதுக்குமேல என்ன வேணும்?

நேருக்கு நேர் பேச்சு நின்னுபோச்சு. ஆனா ஜாடை பேசுறதுல அவளை அடிச்சுக்க ஆளில்ல. தலையணைக்கு உறை போட்டுக்கிட்டே அதுகிட்ட சொல்லுவா: "சிலருக்கு இடுப்பு வளையாது, சம்பளம் மட்டும் வேணும்." அண்ணிங்கிற வார்த்தை முதலாளி காதுல விழணும்னா மட்டும் வரும்.

ஆனா துவைச்ச படுக்கை விரிப்பை மடிக்க ரெண்டு பேர் வேணுமே. ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடிச்சு, விறைப்பா இழுத்து, நடந்து வந்து கையோட கை சேர்க்கணும். தினமும் அவ மூஞ்சிக்கு நேரா போய் நின்னு, முனையை அவ கையில கொடுத்துட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திரும்புவேன். மடிப்பு மட்டும் கோடு போட்ட மாதிரி விழும். பாவி, வேலையில கெட்டிக்காரிதான்.

சீசன் முடியிற நேரத்துல ஒரு அறைக்குள்ள குரங்கு புகுந்துடுச்சு. மெத்தை, திரை, துண்டு எல்லாம் நார் நார். அறையில தங்க வந்தவர் வராந்தாவுல நின்னு கத்துறார். முதலாளி எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஜன்னலைத் திறந்து போட்டது யாரு?"

படுக்கை போட்டுட்டு, ஜன்னல் கொண்டியை மாட்டிட்டுத்தான் நான் வெளிய வந்தேன். அதுக்கப்புறம் துண்டு வைக்கப் போறது நாத்தனார். அவளுக்குப் புழுக்கம் ஆகாது. எந்த அறைக்குப் போனாலும் ஜன்னலைத் திறந்து கொஞ்சம் காத்து வாங்குவா. அன்னைக்கு மூட மறந்திருப்பா. மறக்கிறது மனுஷ இயல்பு, அதுக்காக நான் கோவிச்சுக்கல. ஆனா அவ கிழிஞ்ச திரைகிட்ட சொன்னா: "நான் யாரையும் சொல்லல. படுக்கை போட்டவங்களுக்குத் தெரியும்."

எனக்கு ரத்தம் கொதிச்சுது. "சார், நான் கிளம்பும்போது அறையில துண்டே இல்ல. இப்ப கிழிஞ்சு கிடக்கே, யார் வச்சதுன்னு கேளுங்க."

"துண்டு ஆராய்ச்சி எல்லாம் எனக்கு வேணாம்,"ன்னார் முதலாளி. "சீசன் முடிஞ்சதும் நீ கிளம்பு. அவ இருக்கட்டும்."

அவ தரையைப் பார்த்தா. அப்பவாவது வாயைத் திறப்பான்னு நின்னேன். குனிஞ்சு கிழிஞ்ச துண்டைப் பொறுக்க ஆரம்பிச்சா.

கடைசி நாள் பையைத் தூக்கிக்கிட்டு சாவி கொடுக்கப் போனேன். சலவை அறையில துவைச்ச விரிப்பு மலையா குவிஞ்சிருந்தது. நாத்தனார் ஒத்தையாளா ஒரு விரிப்போட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும், கோடை முழுக்க இல்லாத அதிசயமா, என் முகத்தைப் பார்த்தே பேசினா.

"அண்ணி, இதை மட்டும் பிடிங்க." அப்புறம் மெதுவா, "அம்மாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

பையைக் கீழ வச்சேன். ரெண்டு முனையைப் பிடிச்சேன். விறைப்பா இழுத்து, நடந்து போய், அவ மூஞ்சிக்கு நேரா நின்னேன். வாங்கிக்க ரெண்டு கையையும் நீட்டினா. நான் விட்டுட்டேன். ஈரத் தரையில தொப்புனு விழுந்துச்சு.

விழுந்த விரிப்பைப் பார்த்துச் சொன்னேன்: "சிலருக்கு ஒத்தையா இருக்கத்தான் ஆசை."

சாவியை மெஷின் மேல வச்சுட்டு, அவ அம்மா வீட்டுக்குப் போற பஸ்ஸைப் பிடிச்சேன்.