பெருக்கு நாளில் கடற்சாமந்திகளோடு

அலை ஓயாத பாலாழியில் விழி மூடிக் கிடந்தும் எல்லா உயிரையும் காத்துக் கிடப்பவனே, சினத்தோடு எழுதப் புகும் என் கையைப் பொய் தீண்டாமல் காப்பாயாக.

நாள், ஆடிப் பதினெட்டு. காவிரி பெருகும் நன்னாள். காலை ஏழரை மணிக்குச் சேலம் சந்திப்பில், சென்னை ரயிலில் வந்த தெர்மோகோல் பெட்டி ஒன்றைப் பெற்றுக்கொண்டேன். உள்ளே மூன்று கடற்சாமந்திகள். பெயரால் பூ, பிறப்பால் விலங்கு. ஒற்றைப் பாதத்தால் பாறையைப் பற்றிக்கொண்டு, தலைமேல் விரல்களாய் விரியும் கொம்புகளால் இரை பிடித்து வாழ்பவை. கடலோரப் பண்ணையொன்றில் வளர்ந்தவை. ஒவ்வொன்றும் தனிப் பையில், ஒரு பங்கு கடல்நீரும் இரு பங்கு பிராணவாயுவுமாகக் கட்டப்பட்டிருந்தது.

என் மகள் கோதை பரமத்தி வேலூரில் கடல்மீன் தொட்டிகள் அமைத்துக் கொடுக்கிறாள். அவளுக்குக் காலில் மாவுக்கட்டு. ஆகவே நான் புறப்பட்டேன். முன்பு இருமுறை வரவழைத்தவை வழித் தாமதத்தில் மாண்டுபோயின. "இதுவும் போச்சுன்னா தொழிலையே விட்டுடறேம்ப்பா" என்று சொல்லியிருந்தாள். வெயில் படக்கூடாது, பையின் நீர் வெண்மையாகக் கலங்கினால் கூடவே வரும் ஐந்து லிட்டர் கேனிலுள்ள கடல்நீரை மாற்ற வேண்டும், வேறு நீர் எதுவும் ஆகாது. இவை அவள் விதித்த விதிகள்.

எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் என்று பேசி வாடகைக் கார் அமர்த்தினேன். ஓட்டுநர் தங்கவேல், நாற்பது வயதிருக்கும். எங்கும் நிறுத்தாமல் நேரே போக வேண்டும் என்று ஏறும்போதே சொன்னேன்.

ஒன்பது மணிக்கு நாமக்கல் மலை கண்ணில் பட்டது. கைகூப்பிக் கண்மூடி, அன்றாடம் ஓதும் நூறு பாசுரங்களைத் தொடங்கினேன். நூறும் முடித்துக் கண் திறந்தபோது இருபுறமும் வெற்றிலைக் கொடிக்கால்கள். நாற்கரச் சாலையைக் காணோம். கபிலர்மலை என்றது ஒரு பலகை.

"எங்கேங்க போறோம்?"

"ஜேடர்பாளையமுங்க சாமி. நாமம் போட்ட பெரியவரு, பெருக்கு நாளு. காவேரியக் கண்ணுல காட்டாமக் கூட்டிட்டுப் போனா எனக்குப் பாவமுங்க. ஆத்தோரமாவே வேலூர் போயிரலாங்க."

என் நெற்றியைப் பார்த்தவர் என் வாயைக் கேட்கவில்லை. திருப்பச் சொல்வதற்குள் முன்னும் பின்னும் வண்டிகள் அடைத்துவிட்டன. ஊர் முகப்பில் சவுக்குக் கட்டையால் தடுப்பு. ஒலிபெருக்கி, அம்மன் பெயரைச் சினிமா மெட்டில் போட்டு அறைந்துகொண்டிருந்தது. ஊதல் வைத்திருந்த விழாக்குழு இளைஞரிடம் பெட்டியில் உயிர்கள் இருப்பதைச் சொன்னேன்.

"மீனுக்கெல்லாம் வழி உட முடியாதுங்க சாமி. கொளம்பு வெக்கத்தானுங்களே?" என்றார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். அடுத்த ஐந்தாம் நிமிடம் கொடி கட்டிய கார் ஒன்று வந்தது. கட்டை உயர்ந்தது, கார் நுழைந்தது, கட்டை தாழ்ந்தது.

பத்தரைக்குக் காருக்குள் வெப்பம் ஏறிற்று. சர்பத் கடையில் இருபது ரூபாய்க்குப் பனிக்கட்டி வாங்கி, துண்டில் சுற்றிப் பெட்டியின் ஓரம் வைத்தேன். அதற்குள் சிறிய சாமந்தி சளி கக்கி, அதன் பை பால்போல் ஆகியிருந்தது. கைபேசியில் கோதை, "வாய் பொளந்திருக்காப்பா?" என்றாள். இல்லை, சுருண்டிருக்கிறது என்றேன். "அப்ப உயிர் இருக்கு. மாத்துங்க." பையை அவிழ்த்துக் கலங்கல் நீரை வடித்தேன்.

அந்நேரம் முழுகி எழுந்த ஈரத்தோடு தங்கவேல் வந்தார். கையில் நிறைசொம்பு.

"தண்ணி கலங்கிப் போச்சுங்களா? இப்பத்தான் மொண்டுட்டு வாரேன். இத ஊத்துங்க, தெளிஞ்சுரும்." சொல்லிக்கொண்டே சாய்த்தார்.

பையின் வாயை உள்ளங்கையால் மூடினேன். புறங்கையில் வழிந்தது காவிரி.

"எடுய்யா சொம்ப. உப்புல வாழற உயிருக்கு இது நஞ்சு."

"காவேரித் தண்ணிங்க சாமி."

"காவேரியே கடலச் சேர எத்தனை காதம் நடக்கறா? நீ ஒரே சொம்புல சேத்துடப் பாக்கறியா?"

யாரையும் ஒருமையில் பேசாதவன் நான். அன்று பேசினேன், இன்றும் அதற்கு வருந்தவில்லை.

கேன் நீரை ஊற்றிப் பையைக் கட்டினேன். இனிக் காத்திருந்தால் மூன்றும் போகும். மேல்வேட்டியை நனைத்துப் பெட்டியைப் போர்த்தி, தலைமேல் ஏற்றிக்கொண்டு தடுப்பின் ஓரமாக நடந்தேன். எழுபத்தொரு வயதுக் கழுத்துக்கு அது பெரும் பாரம்.

நடந்தது இதுதான். நாமமும் தலைச்சுமையும் கண்ட பெண்கள் பேச்சை நிறுத்தினர், விலகினர், கன்னத்தில் போட்டுக்கொண்டனர். "சாமி வருது, வழி உடுங்க" என்று அதே ஊதல்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே ஓடினார். உயிர் என்று கெஞ்சியபோது கிடைக்காத வழி, துணி போர்த்தியதும் கிடைத்தது. அந்த ஒரு கிலோமீட்டர் முழுதும் எனக்கு நெஞ்சு கொதித்தது.

முளைப்பாரி ஏந்திய அம்மையார் ஒருவர், "உள்ள என்ன சாமிங்க?" என்றார்.

"உயிருங்கம்மா" என்றேன். அதற்கும் கும்பிட்டார்.

கூட்டத்துக்கு அப்பால் வேலூர் போகும் வாழைத்தார் வண்டி ஏற்றிக்கொண்டது. பன்னிரண்டே காலுக்குக் கோதையின் வாசல். பைகளை அவள் தொட்டிநீரில் மிதக்கவிட்டு, தொட்டிநீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்துப் பழக்கினாள். மாலைக்குள் இரண்டு விரிந்தன. சிறியது சுருண்டே கிடந்தது. மறுநாள் காலை, பூசைக்கு முன்பே போய்ப் பார்த்தேன். அதன் பாதம் கல்லைப் பற்றியிருந்தது. கோதை விரலால் மெல்ல நீரை அசைத்தாள், அது விடவில்லை. "இன்னும் ரெண்டு தொட்டி போடலாம்ப்பா" என்றாள்.

பெருக்கு நாளில் காவிரிக் கரையில் நின்றும் அவளை நான் கண்ணால் காணவில்லை. அவள் பொறுப்பாள். கடலுக்குரியதைக் கடல்நீரில் காத்தவனை, கடலுக்கே போகிறவள் கடிந்துகொள்ள மாட்டாள். கட்டையை உயர்த்தித் தாழ்த்தியவர்களை நான் பொறுக்கவில்லை.

இதைப் படித்தோர் நீடு வாழ்க. உங்கள் கையில் ஏறிய உயிர் எதுவாயினும், துணி போர்த்தாமலே அதற்கு வழி கிடைப்பதாக.