தேய்க்காமல் அளந்த ஐந்து பின்கள்

நான்கு வருடங்களுக்கு முன், மதுரையை அடுத்த கப்பலூரில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புச் சாமான்களின் மேற்பரப்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. பேனா மாதிரி ஒரு கருவி. அதன் வைர முனை நம் காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும். இரும்பில் வைத்து அழுத்தினால், அந்த அதிர்வு மாறுவதை வைத்து எண்ணைக் காட்டிவிடும். இரண்டு விநாடி வேலை. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று பக்கத்துத் தெருப் பட்டறையிலிருந்து டிராக்டரோடு டிரெய்லரை இணைக்கும் ஐந்து இரும்புப் பின்கள் வந்தன. உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்கியவை. காய்ச்சியவரே கொண்டுவந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஐந்திலும் எண் குறைவாகவே வந்தது. "தேறாதுண்ணே" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "மேல இருக்க தோல எமரித் தாள்ல தேச்சுட்டுப் பாத்தீகளா மேடம்? உலையில கிடந்தா மேல கொஞ்சம் சாஃப்டாத்தான் இருக்கும்."

"மெஷின்ல வந்ததத்தான்ணே எழுத முடியும்" என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தேய்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்று வேலை குவிந்து கிடந்தது, சோம்பல்பட்டுவிட்டேன். அதை அவர் கண்டுபிடித்துவிட்டாரே என்ற எரிச்சல் வேறு.

பின்கள் எங்களிடமே கிடந்தன. மறுநாள் மதியம் வரை அவர் கேட்டது மனதைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது தப்பு என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் ஒரு பின்னை எடுத்துத் தேய்த்தேன். முனையை வைத்ததும் எண் ஜிவ்வென்று ஏறியது. அடுத்ததை எடுத்தேன். ஐந்துமே தேறிவிட்டன.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். அவர் உலைப் பக்கம் இல்லை; லாரியில் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தார். என் ரிப்போர்ட்டைப் பார்த்த முதலாளி, இனி உலையைத் தொடாதே என்று சொல்லிவிட்டாராம். எல்லார் முன்னாலும், தப்பு என்னுடையது என்று சொல்லிப் புது ரிப்போர்ட்டை நீட்டினேன்.

முதலாளி சிரித்தார். "அம்புட்டுத்தானா? விடும்மா. ஏப்பா, நீ உலைக்கே போ."

பின்களைக் காய்ச்சியவர் நன்றாகத் திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை கூடவே வந்தார். "நல்லவேள வந்தீக மேடம். நெருப்போட நிறத்தப் பாத்தே பதம் சொல்ற ஆளு நான். நேத்துல இருந்து, நம்ம கண்ணுதான் போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."



அவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால், வேலையைச் சரியாகச் செய்த ஒரு மனிதரை ஒரு நாள் முழுக்கத் தன் கண்ணையே சந்தேகப்பட வைத்துவிட்டேன் என்பது இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.