ஏழாம் மதகும் ஆரோக்கியம் அண்ணனும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரோக்கியம் அண்ணனின் எண்ணிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி வந்தால் அது என்னவாக இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ‘ஏழாம் மதகு’ தொடரிலிருந்து ஒரு காட்சியைப் படமாகப் போட்டு, கீழே ‘அனைவருக்கும் வணக்கமுங்க’ என்று எழுதுவார். நாமும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். போன மாதம் அப்படி வந்த செய்திக்கும் நான் பல் துலக்கிக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கினேன். பிறகுதான் படித்தேன். அப்பா விடியற்காலையில் தவறிவிட்டார் என்று அவர் போனிலிருந்து மகள் எழுதியிருந்தாள். காரமடையில் மருந்துக்கடை வைத்திருக்கும் சாந்தி என்னைப் போனில் கூப்பிட்டு, “மொதல்ல அந்த வெரல எடுங்க” என்று அழுதார். எடுத்துவிட்டேன். அண்ணன் விஷயத்தில் நான் செய்த பிழை அது ஒன்றுதான் என்றால் இவ்வளவு நாள் உறுத்தாது. இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குழுவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ‘ஏழாம் மதகு’ பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடர். உலகம் ஒருநாள் அணைந்துபோகிறது. மின்சாரம் இல்லை, போன் இல்லை, அரசாங்கம் இல்லை. மலையடிவாரத்தில் ஓர் அணையும் ஒரு சின்ன ஊரும் மட்டும் மிச்சம். அங்கே ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி தண்ணீர்தான். அளந்து ஊற்றுபவள் செங்கமலம். ஒருநாள் கீழ்நாட்டிலிருந்து தாகத்தோடு ஒரு கூட்டம் வருகிறது. ஏழாம் மதகைத் திறந்தால் அவர்கள் பிழைப்பார்கள், இவள் ஊர் வறண்டுவிடும். அந்தக் கூட்டத்தில் அவளை விட்டுப் போன மகனும் நிற்கிறான். செங்கமலம் மதகுச் சக்கரத்தில் இரண்டு கைகளையும் வைக்கிறாள். ‘தொடரும்’ என்று போட்டார்கள். அடுத்த வாரம் அதே நேரத்தில் சமையல் போட்டி வந்தது. பார்ப்பவர்கள் போதவில்லையாம். அந்தத் தொடரை எழுதிய மூன்று பேரில் நான் ஒருவன்.

ஆரோக்கியம் அண்ணனுக்குக் கணபதிப் பகுதியில் பஃபிங் பட்டறை. வார்ப்பிலிருந்து கரடுமுரடாக வரும் பம்ப் பாகங்களைச் சுற்றும் சக்கரத்தில் பிடித்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பது தொழில். தொடர் நின்றதும் அவரும் சாந்தியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து, சென்னையில் இருந்த சேனல் அலுவலகத்துக்குக் காலிக் கொட்டாங்குச்சிகளை அனுப்பிப் போராடுவது என்று முடிவு செய்தார்கள். எங்களைத் தாகத்தோடு விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். நாரோடு, அழுக்கோடு, அப்படியே மேசையில் கொட்டினால்தான் உறைக்கும் என்று சாந்தி சாக்குச் சாக்காகச் சேர்த்துக் கொடுத்தார். அண்ணன் அவற்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகச் சக்கரத்தில் பிடித்து, எண்ணெய் தடவி, பஞ்சில் வைத்து அடுக்கிவிட்டார். “பினிஷிங் இல்லாம ஒரு பொருளும் நம்ம பட்டறைய உட்டு வெளிய போனதில்லீங்க” என்றாராம்.

கூட வைத்த கடிதமும் அவர் கைவண்ணம்தான். தாங்கள் நலமா என்று விசாரித்துவிட்டு, தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் தொடரை மறுபடி போட்டால் பெரிய சந்தோசமுங்க, அவசரம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார். போராட்டத்தில் அவசரம் இல்லை என்று எழுதிய ஒரே ஊர் நம் ஊராகத்தான் இருக்கும். பெட்டி வந்து சேர்ந்த அன்று நான் இன்னும் அந்த அலுவலகத்தில்தான் இருந்தேன். பிரித்துப் பார்த்தவர்களுக்கு அது போராட்டம் என்றே தெரியவில்லை. வரவேற்பு மேசையில் வரிசையாக வைத்துப் பேனாவும் சாக்லேட்டும் போட்டுவிட்டார்கள். அழகிய கைவினைப் பரிசுக்கு நன்றி என்று பதிலும் போனது. குழுவே கொதித்தபோது அண்ணன் மட்டும், பதில் போட்டிருக்கிறார்களே, நல்ல மனுசர்கள்தான் என்று அந்தக் கடிதத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தார். சில வருடம் கழித்து வேலை போய் நான் ஊருக்குக் கிளம்பியபோது மேசையிலிருந்து ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டியின் மேல் எழுதியிருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு கணபதிக்குப் போனேன்.

ஒவ்வொரு வருடமும் தொடர் நின்ற மாதத்தின் கடைசி ஞாயிறு பட்டறையில் கூட்டம். சக்கரங்களைத் துணி போட்டு மூடி, நாற்காலி போட்டு, கடைசிப் பகுதியை மட்டும் பார்ப்பார்கள். ‘தொடரும்’ வந்ததும் நிறுத்திவிட்டு, செங்கமலம் மதகைத் திறந்தாளா இல்லையா என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சோமனூரிலிருந்து வரும் தறிக்காரர் ஒருவர் திறக்கவே மாட்டாள் என்று வருடா வருடம் சத்தியம் செய்வார். நான் முதன்முதலாகக் கலந்துகொண்ட வருடம் எல்லார் கண்ணும் என் மேல் வந்து நின்றது. எழுதியவனே வந்திருக்கிறான் அல்லவா. முடிவை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

அது பொய். கையெழுத்தும் இல்லை, முடிவும் இல்லை. மூன்று பேரும் சண்டை போட்டு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். அதற்குள் தொடரே போய்விட்டது. அத்தனை வருடமாகக் காத்திருந்தவர்கள் முகத்தைப் பார்த்து எனக்கும் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதோடு, ரகசியம் தெரிந்தவனாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சுகமாகவும் இருந்தது.

அண்ணன் உடனே எழுந்து நின்று, “கையெழுத்துப் போட்டாப் போட்டதுதானுங்க. இனி ஆரும் தம்பியக் கேக்கப்படாது” என்று எல்லாரையும் அடக்கினார். அவர் முறை வந்தபோது சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார். எழுதியவர் உட்கார்ந்திருக்கும்போது நாம் ஒன்றைச் சொல்வது மரியாதை இல்லை என்றார். நான் வருவதற்கு முன் அவரும் ஒரு முடிவு வைத்திருந்தாராம். அதற்கு இன்னும் மெருகு போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனதும் சொல்கிறேன் என்பாராம். இதைச் சாந்தி என்னிடம் பின்னாளில்தான் சொன்னார். நான் போய் உட்கார்ந்த பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வருடா வருடம் என் பொய்யை நான் திருப்பிச் சொன்னேன். வருடா வருடம் அவர் தலையை ஆட்டினார்.

பட்டறைத் தூசி அவர் நுரையீரலில் இறங்கியிருந்தது. அதையும் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டால் “நல்லா இருக்கறனுங்க” என்பார். நாமும் நம்பினால்தான் மரியாதை என்று நம்பினோம். கடைசியாக ஒரு மத்தியானம் பார்க்கப் போனேன். இன்று சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் என் பிள்ளையின் படிப்பை விசாரித்தார். அடுத்த கூட்டத்துக்குப் பட்டறைச் சாவி அம்மணியிடம் இருக்கும் என்றார். அம்மணி என்றது மகளை. மூச்சு வாங்க நிறுத்தி, என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, ஏதாச்சும் சொல்லோணுங்களா?”

“ஒண்ணுமில்லீங்கண்ணா.”

“செரி, காப்பி குடிச்சுட்டுப் போங்க” என்றார். குடித்துவிட்டுப் போனேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவி மேரி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இறந்தவரிடம் சொல்ல வேண்டியதை வீட்டுக்காரியிடம் சொல்லிப் பாரத்தை இறக்கப் பார்க்கும் கெட்டிக்காரத்தனம் என்று எனக்கே தெரிந்தது.

“அவருக்குத் தெரியுமுங்க தம்பி” என்றார் அக்கா. “வார்ப்புக்குள்ள பொத்தல் இருந்தாத் தட்டுனதுமே தெரியும்பாரில்லீங்க. நீங்க வந்த மொத நாளே ஊட்டுக்கு வந்து சொல்லிப்போட்டாரு, ‘பாவம், தம்பி முடிவே எழுதல’ன்னு.”

ஏன் ஒருதரம்கூடக் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா உங்க மொகம் சுண்டிப்போகும்னு உட்டுட்டாருங்க. தானாச் சொல்லட்டும், அப்பறம் எம்பட முடிவச் சொல்றேன்னு காத்துட்டிருந்தாரு.”

உங்களிடமாவது அதைச் சொன்னாரா என்று கேட்டேன்.

“இல்லீங்க. எழுதுனவருக்குத்தான் மொதல்ல சொல்லோணும்னாரு.”

நண்பர்களே, அவரிடமிருந்து என்னிடம் இருப்பது சென்னையிலிருந்து நான் எடுத்து வந்த அந்த ஒரு கொட்டாங்குச்சி. இத்தனை வருடம் கழித்தும் எங்கே தொட்டாலும் விரலுக்கு ஒரு பிசிறு தட்டுப்படவில்லை. இந்த வருடக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன். உங்கள் முன்னால் எழுந்து, செங்கமலம் மதகைத் திறந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, எப்போதும் தெரிந்ததில்லை என்று சொல்லப்போகிறேன். நீங்கள் திட்டலாம். முதல் வருடமே இதைச் சொல்லியிருந்தால், ஆரோக்கியம் அண்ணன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அப்படீங்களா தம்பி? அப்ப நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?” என்று ஆரம்பித்திருப்பார்.