செல்வின் அண்ணனும் அந்த வாயாடி கீபோர்டும்

செல்வின் அண்ணன் போயிட்டாரு. காலைல மேரி மதினி போன்ல சொன்னாங்க... தூக்கத்துலயே, ஒரு கஷ்டமும் படாம.

அழுதேன். அப்புறம் அவரு பண்ணின கூத்தெல்லாம் ஒவ்வொண்ணா ஞாபகம் வர, அடுப்படில நின்னு தனியா சிரிச்சேன். ஆளு அப்படி.

ரெண்டாயிரத்து ஒண்ணோ ரெண்டோ இருக்கும். தம்பானூர்ல ஒரு லாட்ஜுக்கு மேல மாடில எங்க மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீஸ். அமெரிக்க டாக்டருங்க பேசி அனுப்பற ரிப்போர்ட்ட ஹெட்போன்ல கேட்டு டைப் பண்ணணும்.

செல்வின் அண்ணன் டைப் பண்ணுவாரு. நான் பிரிண்ட் எடுத்து சிவப்புப் பேனாவால திருத்துவேன். அவரு பாறசாலை, நான் நாகர்கோவில்... அந்த மலையாளக் கூட்டத்துல தமிழ்ல வம்பளக்க அவருக்கு நான், எனக்கு அவரு.

எங்க எல்லாருக்கும் ஆபீஸ் ரப்பர் கீபோர்டு. அண்ணன் மட்டும் பழைய கம்ப்யூட்டர் கடைலேருந்து ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு தூக்கிட்டு வந்தாரு. ஒவ்வொரு கீக்கும் அடில தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங். அமுக்கினா டக், டக், டக்... எம்மாடி, அந்தச் சத்தம்!

இப்போ என் மகன் கேம் ஆட ப்ளூ ஸ்விட்ச், பிரவுன் ஸ்விட்ச், ரெட் ஸ்விட்ச்னு தேடித் தேடி வாங்கறான். அன்னைக்கு எங்களுக்கு கலர் கணக்கெல்லாம் தெரியாது. நாங்களா பேரு வச்சுக்கிட்டோம்.

சத்தம் போடறது வாயாடி. சத்தமில்லாம, பாதி வழில விரலுக்கு மட்டும் ஒரு முட்டு குடுக்கறது அமுக்குணி. முட்டும் இல்ல, சத்தமும் இல்ல, நேரா கீழ போறது வழுக்கி. ஆபீஸ் ரப்பருக்கு பேரு ஆறின இட்லி.

அண்ணனோடது ஒண்ணாம் நம்பர் வாயாடி. நேரா என் மண்டைக்குள்ள வந்துரும். ஒரு நாள் தலைவலி தாங்காம கம்ப்ளெயிண்ட் எழுதி, பேரு போடாம, மானேஜர் டேபிள்ல வச்சுட்டு வந்துட்டேன்.

ஆமா, நான்தான். இத்தனை வருஷம் கழிச்சு இங்க ஒத்துக்கறேன்.

ரெண்டு நாள்ல கீபோர்டு மாறிடுச்சு. அண்ணன் வாயாடிய மானேஜர்ட்ட குடுத்துட்டு, ஆறின இட்லிய வாங்கி வச்சுக்கிட்டாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

அப்புறம்தான் வினை. சுத்தமா டைப் பண்ற மனுஷன், அவரு பேஜெல்லாம் சிவப்பு. மானேஜர் கூப்பிட்டு, "செல்வினே, இந்த மாசம் கழியறதுக்குள்ள சரியாகணும் கேட்டோ, இல்லெங்கில் வேற ஆளப் பாக்கணும்"னு சொல்லிட்டாரு. மதினிக்கு அப்போ நிறைமாசம்.

நான் அன்னைக்கே பழைய பேஜையும் புது பேஜையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். விட்டுப்போனதெல்லாம் ஓ, பி, எல்... வலது கையோட கடைசி ரெண்டு விரல் அடிக்கற எழுத்து மட்டும்.

டீக்கடைல வச்சு நேராவே கேட்டேன். "அண்ணே, கைல என்ன?"

பழம்பொரியப் பிச்சுக்கிட்டே சொன்னாரு. விழிஞ்ஞம் ரோட்டுல ஒரு தடவை பைக்கோட விழுந்திருக்காரு. அதுலேருந்து அந்த ரெண்டு விரலும் மரத்துப் போச்சாம். "கீ அமுங்கிச்சா இல்லியான்னு விரலுக்குத் தெரியாது பிள்ளே. காதுலதான் கேட்டுக்குவேன். மானேஜர்ட்ட சொல்லிராத, வேலைக்குச் சேரும்போ நான் மறைச்சுட்டேன்."

அதான் ஹெட்போன்ல எப்பவும் ஒரு காது திறந்தே வச்சிருப்பாரு. நாங்க அதை ஸ்டைலுன்னு நெனச்சோம்... என்னத்தச் சொல்ல.

மதியம் சாப்பாட்டு நேரத்துல அவர இழுத்துக்கிட்டு அந்தப் பழைய கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். சத்தமில்லாம ஒண்ணு கிடைச்சா யாருக்கும் தொந்தரவு இல்லியே.

அமுக்குணில அடிச்சுப் பாத்தாரு. எனக்குன்னா அது சொகமா இருந்துச்சு, அவருக்கு அந்த முட்டே தெரியல. வழுக்கி இன்னும் மோசம். மரத்த விரல் சும்மா பட்டாலே எல், எல், எல்னு வரிசையா விழுது. கடைக்காரரே சிரிச்சுட்டாரு. அண்ணனும் சிரிச்சாரு, எனக்குத்தான் கண்ணு நிறைஞ்சுடுச்சு.

வாயாடிய விட்டா வழியில்ல.

மறுநாள் மானேஜர் ரூமுக்குப் போனேன். விரல் விஷயத்தைப் பத்தி வாயத் திறக்க முடியாது. "சார், அந்தக் கம்ப்ளெயிண்ட் எழுதினது நான்தான். தப்பாப் போச்சு. அந்தச் சத்தம் இல்லாம எனக்கு வேலையே ஓடல, தூக்கம் தூக்கமா வருது. திருப்பிக் குடுத்துருங்க"ன்னேன்.

அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே! "சாந்திக்கு எந்தா பற்றி?"ன்னு கேட்டாரு, உனக்கு என்ன ஆச்சுன்னு. "மத்தவங்களுக்கு தொந்தரவு இல்லாம அவர ரெயில்வே ஸ்டேஷனப் பாத்த ஜன்னல் மூலைல உக்கார வைங்க சார், நான் அவரு பக்கத்துல உக்காந்துக்கறேன்"னேன்.

அன்னைக்கு சாயங்காலமே டக் டக் திரும்பி வந்துச்சு. மாசக் கடைசில அண்ணன் பேஜ்ல சிவப்பு வைக்க எனக்கு இடமே கிடைக்கல. வேலை தப்பிச்சுது. அடுத்த வாரம் மதினிக்கு பொம்பளப் பிள்ளை. காதுல பஞ்சோட ஆறு வருஷம் அந்த மூலைல இருந்தேன், நல்ல வருஷங்கள்.

பிள்ளை பொறந்த ஸ்வீட்ட என் கைல குடுத்தப்போ எனக்குத் தாங்கல. "அண்ணே, உங்களப் பத்தி எழுதிக் குடுத்தது நான்தான்"னு சொல்லிட்டேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமே"ன்னாரு. கையால எழுதின எதையும் மானேஜர் பைல்ல வைக்க மாட்டாராம், டைப் பண்ணித்தான் வைப்பாராம். "என்கிட்டதான் டைப் பண்ணக் குடுத்தாரு. தெனமும் சிவப்புல பாக்கற கையெழுத்து, எனக்குத் தெரியாதா? கடைசியா அந்த கீபோர்டுல நான் அடிச்சது அதுதான், ஒரு மிஸ்டேக் இல்லாம."

"அப்புறம் ஏன்ணே என்கிட்ட கேக்கல?"

"கேட்டிருந்தா நீ சங்கடப்பட்டு என் தப்பையெல்லாம் கண்டும் காணாம விட்டிருப்ப. அப்புறம் அந்த ஓ, பி, எல்ல யாரு கண்டுபிடிக்கது?"

நாளைக்குக் காலைல பாறசாலைக்கு வரேன் மதினி.

போயிட்டு வாங்கண்ணே...